அண்டங்காகம் ஓட்டும் வள்ளம்

பின்னேரம் குப்பை போடுகிற சாட்டில் கிச்சின் பின்கதவைத் திறந்துகொண்டு ஐந்து நிமிசம் வெளியில் நிற்பது என் பழக்கம். வன்கூவர் காகங்கள் அடையப் போகிற நேரம் அது. ஆயிரக்கணக்கில் கிழக்கே, பேர்னபியில் ஸ்டில் கிறீக் பக்கமாகப் பறக்கும். ஊரில் அம்மம்மாவின் திவசத்துக்குப் படைத்துவிட்டு ஒரு காகம் வராதா என்று காய்ந்துபோய் நின்ற எங்களுக்கு, இங்கே இவ்வளவு!

போன மாதம் பெரியம்மாவை ஏற்றிவிட எயார்போர்ட்டுக்குப் போனபோது மகன் கத்தினான். "அப்பா, காகம் வள்ளம் ஓட்டுது!"

அது அண்டங்காகம். பில் ரீட் செய்த வெண்கல வள்ளத்தில் சுக்கான் பிடித்தபடி இருக்கிறது. 6 மீற்றர் நீளம், கிட்டத்தட்ட 5 தொன் பாரம். கரடி, கழுகு, ஓநாய், தவளை என்று 13 பேர் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கினம். ஒருவரை ஒருவர் கடிக்கிறதும் நடக்கிறது (எங்கட சங்கக் கூட்டம்போல). இந்தப் பச்சை வள்ளம் இங்கே வந்தது 1996 இல். முதல் வார்த்த கறுப்பு வள்ளம் 1991 இலிருந்து வாஷிங்டனில், கனேடியத் தூதரக முற்றத்தில் வெட்டவெளியில் தண்ணீருக்கு நடுவே நிற்கிறது.

ஹைடா மக்களில் ஒவ்வொருவரும் ஒன்றில் அண்டங்காகப் பிரிவு, அல்லது கழுகுப் பிரிவு. பிள்ளை தாயின் பிரிவைச் சேரும். ரீட் அண்டங்காகம். ஆனால் சின்ன வயதில் அவருக்கு அது தெரியாது. வெள்ளைக்காரரைக் கலியாணம் செய்ததால் அன்றைய சட்டப்படி தாய் தன் பூர்வகுடி உரிமையை இழந்தவர். பிள்ளைகளுக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. 1943 இல், 23 வயதில்தான் ஸ்கிட்கேற் கிராமத்துக்குப் போய் அம்மப்பாவைத் தேடிப் பார்த்தார். கிழவர் வெள்ளியிலும் கல்லிலும் செதுக்குகிறவர். அங்கே தொடங்கியதுதான் எல்லாம்.

எனக்கு ரீட்டில் மரியாதை வந்தது இன்னொரு விசயத்தால். 1987 இல் ஹைடா தீவுகளில் காடு வெட்டுவதை எதிர்த்து, தூதரகத்துக்குச் செய்துகொண்டிருந்த இந்தச் சிலை வேலையையே நிற்பாட்டினார். கனடாவைக் காட்டத்தான் சிலை கேட்டவை. அவர் கனடாவையே காக்க வைத்தார். அந்த வருசமே காட்டைக் காக்க ஒப்பந்தம் வந்தது.

2004 இல் வந்த இருபது டொலர் தாளின் பின்பக்கம் இந்த வள்ளம் இருந்தது. கல்லாவில் எத்தனை தடவை எண்ணியிருப்பேன், ஒருநாளும் உற்றுப் பார்க்கவில்லை.

வள்ளத்தில் துடுப்புப் போடுகிற ஒரு மனிசன் இருக்கிறான். ரீட் அவனுக்கு வைத்த பெயரைத் தமிழில் சொன்னால், மனமில்லாமல் படைக்குப் பிடிபட்ட பழைய ஆள். வாசித்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். கம்பஸில் என்னோடு ஒரே றூமில் இருந்தவன், லீவுக்கு வீட்டுக்குப் போன இடத்தில் பிடிபட்டவன். அவன் திரும்பி வரவில்லை, நான் படிப்பை முடிக்கவில்லை.

"ஆரப்பா இவர்?" மகன் கேட்டான்.

"துடுப்புப் போடுறவர்" என்றேன். மகனுக்குப் பன்னிரண்டு வயது. ரீட்டின் தாய்மேல் வந்த கோபம் அந்த இடத்தில் கொஞ்சம் இறங்கிவிட்டது.

பெரியம்மாவுக்கு நேரமாகிவிட்டது. கார் பார்க்கில் மகன் திரும்பவும் கேட்டான், "அவரை ஏன் காகம் கூட்டிக்கொண்டு போகுது?"

வீட்டை போய்ச் சொல்லுறன் என்றேன். இன்னும் சொல்லவில்லை.