எனக்கு இன்னும் வரல, டீச்சர்

யாழ்ப்பாணத்தவர் திருவண்ணாமலைக்குப் போவது மலையைச் சுற்ற. 2011-இல் நானும் அதற்குத்தான் போனேன். கோயம்பேட்டில் பஸ் ஏறி, திண்டிவனம் தாண்டி, செஞ்சிக் கோட்டையை யன்னலால் பார்த்தபடி போய் இறங்கினால் 217 அடி ராஜகோபுரம். அதைப் பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். நான் வாய்பிளந்து நின்ற இடம் வேறு: ஊருக்கு வெளியே ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி.

தங்கிய வீட்டுக்காரரின் மகள் அங்கே ஆசிரியை. கூட்டிக்கொண்டு போனார். வகுப்பில் வாங்கு இல்லை, மேசை இல்லை. பாயில் வட்டம் வட்டமாகப் பிள்ளைகள், ஆசிரியையும் தரையில். கரும்பலகை சுவரின் அடிப்பாகத்தில், உட்கார்ந்த பிள்ளைக்கு எட்டும் உயரத்தில், அறையைச் சுற்றி ஓடியது. ஆளுக்கொரு துண்டு, அவரவர் எழுத. ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை ஒரே அறையில்!

சுவரில் பாடத்துக்கு ஒன்றாக ஏணி. படிகளில் சின்னச் சின்னப் படங்கள். ஒரு சிறுமி எழுந்து போனாள், தன் படியை விரலால் தேடினாள், அதே படம் போட்ட அட்டையைத் தட்டிலிருந்து எடுத்தாள், எந்த வட்டத்தில் உட்கார வேண்டும் என்று அந்தப் படத்தைப் பார்த்தே அறிந்து போய் உட்கார்ந்தாள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அறிமுகம், பயிற்சி, வலுவூட்டல் என்று அட்டைகள் ஏறும். முடிவில் மதிப்பீட்டு அட்டை. அதில் தேறாவிட்டால் குறைதீர்க்கும் அட்டை, பிறகு மறுபடி. பரீட்சை என்று தனியாக ஒரு நாள் கிடையாது.

ஒரு பையன் அட்டையோடு வந்தான். "எனக்கு இன்னும் வரல, டீச்சர். கழித்தல்ல கடன் வாங்குறது குழப்புது." வெட்கமோ பயமோ இல்லை, பசிக்கிறது என்று சொல்கிற குரல். பிறகு என் யாழ்ப்பாணப் பேச்சைக் கேட்டு, "சார், நீங்க மலையாளமா?"

எங்கள் நாட்டில் பத்து வயதில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை வரும். வெட்டுப்புள்ளிக்கு மேலா, கீழா? வீடு முழுக்க அதுதான் பேச்சு. எது வரவில்லை என்று பிள்ளையிடம் எவரும் கேட்பதில்லை. நானும் ஆசிரியன், அந்தப் பையனின் வாக்கியத்தை என் வகுப்பில் கேட்டதாக நினைவில்லை.

"ஏமாத்த மாட்டாங்களா, பிள்ளை?" என்று ஆசிரியையிடம் கேட்டேன்.

"ஏமாத்தினா அடுத்த கார்டுலயே மாட்டிக்குவாங்க சார். அங்க போய் முழிக்கிறதுக்கு இங்கயே கேட்டுடலாம்னு அவங்களுக்கே தெரிஞ்சிடும்."

இந்த முறையின் வேர் ஆந்திரத்து ரிஷிவேலியில் இருக்கிறது. அங்கே பத்மநாப ராவும் ரமாவும் கிராமத்து ஓராசிரியர் பள்ளிகளுக்காக வளர்த்ததை, சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 2003-இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தார். செயல்வழிக் கற்றல் என்ற பெயரோடு 2007-08-இல் மாநிலம் முழுக்கப் பரவியது.

எல்லாம் பொன் என்று சொல்லமாட்டேன். அட்டையை முடிப்பதே படிப்பாகிவிடும் அபாயம் அதில் உண்டு. விறுவிறுவென்று அட்டை மாற்றிக்கொண்டிருந்த இருவரை அன்றைக்கே பார்த்தேன். ஆளுக்கொரு படியில் நிற்கும் வகுப்பில் ஓர் ஆசிரியையின் கண் எத்தனை பக்கம் போகும்? பெற்றோருக்கு வேறு கவலை. மாலையில் வந்த ஒரு தகப்பன், "ரேங்க் எத்தனை டீச்சர்?" என்றார். ஆசிரியை மகனைக் கூப்பிட்டார். அவன் ஏணியில் தன் படியைக் காட்டி, தாண்டியதையும் தாண்ட வேண்டியதையும் சொன்னான். தகப்பன் முழுவதையும் கேட்டார். "சரி, ரேங்க்?"

2022-இல் தமிழ்நாட்டில் எண்ணும் எழுத்தும் என்ற திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. பாட்டும் கதையும் பொம்மையுமாக நல்ல திட்டம்தான். ஆனால் எந்தப் பிள்ளை எந்த நிலை என்பதை ஆசிரியர் வைக்கும் மதிப்பீடு தீர்மானிக்கிறது. அந்த ஒரு விஷயத்தில் பழைய ஏணியின் பக்கம்தான் நான்.