இடவலம் மாறிய எழுத்துகள்

என் முன்னாள் மாணவி ஒருத்தி, ஜூன் விடுமுறையில் சமூக அச்சுக்கலைக் கூடமொன்றில் வேலைப் பயிற்சிக்குச் சேர்ந்தாள். மை பூசவா படிக்கவைத்தோம் என்று தாயார் வருந்தினார். எனக்கிருந்த கவலை வேறு: தேக்காவில் கடைப்பெயரைக்கூட ஆங்கிலத்திலேயே படிப்பவள் அவள்.

கூடத்தில் அவளுக்கிட்ட பணி, ‘தேக்கா’ என்னும் சொல்லை லினோலியத் தகட்டில் செதுக்குவது. தாளில் நேராக விழவேண்டுமெனில் தகட்டில் இடவலம் மாறவேண்டும். துணைக்கால் முதலில், இரட்டைக் கொம்பு கடைசியில்! எழுதும்போது கை தானே ஓடிவிடும், செதுக்கும்போது ஓடாது. எந்த வளைவு எங்கே திரும்புகிறது என்றறியாமல் உளியை வைக்கவியலாது. முதலிரண்டு தகடுகள் வீணாயின.

1887இல் சி.கு. மகுதூம் சாயபு சிங்கப்பூரில் தொடங்கிய ‘சிங்கை நேசன்’ இதழுக்கு அச்சுக் கோத்தவர்களும் இவ்வாறு இடவலம் மாறிய எழுத்துகளையே படித்தனர் என்றேன். தேசிய நூலகத்தில் அவ்விதழைத் தேடிப் பார்த்திருக்கிறாள்.

“ஐயா, ‘லை’க்கு ஏன் யானைத் துதிக்கை?” என்றாள்.

நான்காண்டு வகுப்பறையில் எழுத்தைப் பற்றி அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. எழுத்துச் சீர்திருத்தத்தைச் சொல்லத் தொடங்கினேன். பயிற்சிக்கு நேரமாயிற்று என்று ஓடிவிட்டாள்.