வரையச் சொன்ன நேரமும் வரைந்த நேரமும்

பனியன் கம்பெனியில் ஸ்டாப்வாட்சுக்கு மரியாதை அதிகம். ஓவர்லாக் மிஷின் பக்கத்தில் நிற்கும் ஐ.இ. (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியர்), டெய்லர் பீஸை எடுப்பதிலிருந்து தைத்து ஒதுக்கி வைப்பது வரை நேரம் குறிப்பார். ஒரு வேலைக்கு அனுமதிக்கும் நேரமான ‘சாம்’ நிமிடமும் லைனின் டார்கெட்டும் அதிலிருந்துதான் வரும். ஊசி நின்றதுமே வாட்சை நிறுத்தினால் திருப்பூரில் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இந்தக் கம்பெனிகளுக்கு உற்பத்திக் கணக்குத் திரைகள் எழுதுவது என் தொழில். அத்திரைகளை வரைய உதவும் ஜியூஐ டூல்கிட்டுகளில் எது வேகம் என்று காட்டும் சோதனைகளில் இந்த ஒழுக்கம் பலமுறை இருப்பதில்லை. ஒரு கட்டத்து எண்ணை ஆயிரம் முறை மாற்றி, கடைசி அழைப்பு திரும்பியதும் கடிகாரத்தை நிறுத்துகிறார்கள். ஜாவாவின் ஸ்விங்கில் ‘ரீபெயின்ட்’ என்றால் உடனே எதுவும் வரையப்படாது. வேண்டுகோள் வரிசையில் நிற்கும். பல வேண்டுகோள்கள் சேர்ந்து ஒரே வரைதலாகும். க்யூட்டி என்ற டூல்கிட்டின் ‘அப்டேட்’டும் அப்படியே. அருமையான ஏற்பாடு, ஆனால் அந்தச் சோதனை அளந்தது வரையச் சொன்ன நேரத்தை மட்டும். பத்தாயிரம் வரிசை அட்டவணைப் போட்டியும் இதே கதை: ஒரு டூல்கிட் எல்லா வரிசைக்கும் பொருள்களை உருவாக்கும், மற்றது கண்ணில் படும் வரிசைகளை மட்டும் கேட்டு வாங்கும். இரண்டும் ஒரே வேலையே அல்ல.

சராசரியையும் நான் நம்புவதில்லை. பண்டில் அட்டையை ஸ்கேன் செய்த செக்கிங் அக்கா, திரை அசையாவிட்டால் “ஏனுங்க, ஏறுச்சுங்களா?” என்று கேட்டபடியே மறுபடி ஸ்கேன் செய்வார். அதே பண்டில் இரண்டு முறை ஏறினால், சனிக்கிழமை பீஸ் ரேட் கணக்கில் தகராறு. தொண்ணூற்றொன்பது முறை பறந்துவிட்டு நூறாவது முறை திக்கும் திரை அவருக்கு மெதுவான திரைதான். ஜேக்கப் நீல்சன் 1993இல் எழுதிய நூலில், 0.1 விநாடிக்குள் பதில் வந்தால்தான் உடனே நடந்ததாக மனிதருக்குத் தோன்றும் என்றார். அந்த எல்லையைத் தாண்டவைப்பது பெரும்பாலும் டூல்கிட் அல்ல; திரையை வரையும் அதே திரெட்டில் டேட்டாபேஸில் எழுதவிடும் நம் நிரல்.

அதனால் நான் போனில் ஸ்லோமோஷன் வீடியோ எடுக்கிறேன். விநாடிக்கு 240 பிரேம் என்றால் ஒவ்வொன்றும் சுமார் 4 மில்லிவிநாடி. ஸ்கேனர் விளக்கு எரிந்ததிலிருந்து திரையில் எண் மாறும் வரை பிரேம்களை எண்ணலாம். ஆபீஸின் புதிய கம்ப்யூட்டரில் அல்ல. பஞ்சுத்தூசி படிந்த லைன் கம்ப்யூட்டரில், ஷிப்ட் முடிகிற நேரத்தில், எல்லா ஸ்கேனரும் ஒன்றாக ஓடும்போது.