சராசரியில் காணாமல் போகிறவர்கள்

போன மாதம் ஒரு விடுமுறை நாளில் அரசுப் பள்ளிக் கணித ஆசிரியர்கள் சிலரோடு உட்கார்ந்திருந்தேன். ஏழாம் வகுப்புப் புள்ளியியலுக்குப் பாடத்திட்டம் எழுதும் வேலை.

"10 எண்ணைப் போர்டில் எழுதிக் கூட்டி, 10-ஆல் வகுத்தா சராசரி. அவ்வளவுதான் சார்" என்றார் ஒருவர்.

"அந்த எண்கள் யாருடையவை?" என்று கேட்டேன். பதில் இல்லை.

பள்ளிக்கு நடந்து வர எத்தனை நிமிடம் ஆகிறது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டோம். ஒத்திகைக்காக நாங்களே எண்களை வைத்தோம். ஊரிலிருந்து வரும் 6 பேருக்கு 5 நிமிடம், காலனியிலிருந்து வரும் 4 பேருக்கு 30 நிமிடம். சராசரி 15. ஆனால் 15 நிமிடம் நடக்கிற பிள்ளை அங்கே ஒன்றுகூட இல்லை! இடைநிலை அளவு 5, முகடும் 5. இரண்டிலும் காலனிப் பிள்ளைகள் இல்லவே இல்லை. "இத்தனை வருஷம் நடத்தியும் இதைக் கவனிச்சதில்லைங்க" என்றார் ஒரு டீச்சர்.

அடுத்து, வகுப்பில் தரவு திரட்டுவது எப்படி? "காலனிப் பிள்ளைங்க தனியா கை தூக்கட்டும்" என்றார் இன்னொருவர், சாதாரணமாக.

எனக்கு நெஞ்சு அடைத்தது. "எஸ்.சி. பிள்ளைங்க எல்லாம் எழுந்திரிங்க" என்று ஸ்காலர்ஷிப் பட்டியலுக்காக வகுப்பில் நிற்கவைக்கப்பட்டவன் நான். மொத்த வகுப்பும் திரும்பிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பிறகு திட்டத்தை மாற்றினோம். பெயரில்லாத துண்டுச்சீட்டு, அதில் நிமிடம் மட்டும். ஒவ்வொரு சீட்டுக்கும் போர்டில் ஒரு புள்ளி. புள்ளிகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்தால், ஏன் என்று பிள்ளைகளே கேட்கட்டும். அந்த விவாதம் யார் வீடு எங்கே என்று போகாமல், சாலை, பேருந்து, பள்ளி கட்டிய இடம் என்று போகும்படி பார்த்துக்கொள்வது ஆசிரியர் பொறுப்பு. சூத்திரம் கடைசியில் வந்தால் போதும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு. பட்டியல் சாதியினருக்கு 73.26. முதல் எண்ணை மட்டும் கேட்டுக் கைதட்டினால் இரண்டாவது மறைந்துபோகிறது. ஏழாம் வகுப்பிலேயே இதைக் கேட்கப் பழகிய பிள்ளையை மேடைப் புள்ளிவிவரத்தால் ஏமாற்றுவது கஷ்டம்.

உங்கள் ஊர்ப் பள்ளிக் கணித ஆசிரியரோடு ஒரு மாலை உட்காருங்கள். ஒரே ஒரு பாடத்தைச் சேர்ந்து எழுதுங்கள். அவரைக் குறை சொல்லப் போகாதீர்கள். அவருக்கும் இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.