ஓரணாச் சோறு

தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையன்று குடும்ப சகிதம் தியாகராய நகருக்குப் புடவை வாங்கப் போயிருந்தேன். புடவைக் கடைக்குப் போகும் ஆண்பிள்ளைகளுக்கு விதிக்கப்பட்ட உத்தியோகம், பையைச் சுமந்துகொண்டு வாசலில் நிற்பதுதான் என்பதை நேயர்கள் அறிவார்கள். என்னுடன் நின்ற பேத்தி, "தாத்தா, தி. நகர் என்கிறார்களே, அந்தத் 'தி' யார்?" என்று கேட்டாள்.

"தியாகராய செட்டியார். சர் பட்டம் பெற்ற பெரிய மனிதர்" என்று சொல்லித் தப்பித்துக் கொண்டேன். ஆனால் அந்தப் பதில் எனக்கே திருப்தியளிக்கவில்லை.

எங்கள் வீட்டில் அவர் பெயர் அதிகம் அடிபட்டதில்லை. என் தகப்பனார் கதர் உடுத்தியவர். ஜஸ்டிஸ் கட்சி என்றாலே முகத்தைச் சுளிப்பார். செட்டியாரோ 1916-இல் டாக்டர் நாயருடன் அந்தக் கட்சியைத் தோற்றுவித்தவர். ஆதியில் அவரும் காங்கிரஸில் இருந்தவரே என்று யாராவது சொன்னால், அப்பா எழுந்து உள்ளே போய்விடுவார்.

செட்டியார் 1852-இல் நெசவுத் தொழிலையே குலத்தொழிலாகக் கொண்ட தேவாங்கர் குடும்பத்தில் பிறந்தவர். பி.ஏ. படித்துத் தேறியும் தறியை விடவில்லை. விசைநாடா பூட்டிய கைத்தறிகளை வைத்துத் தொழில் நடத்தினார். சென்னை நகரசபையில் ஏறக்குறைய 40 ஆண்டுகள் அங்கத்தினராக இருந்து, உத்தியோகஸ்தரல்லாத முதல் தலைவருமானார். 1920-இல் முதன் மந்திரிப் பதவி தேடி வந்தபோது வேண்டாமென்றார். அப்பதவி சுப்பராயலு ரெட்டியாருக்குப் போயிற்று. நாற்காலியைக் கண்டால் விடாத இக்காலத்தில் இதை நம்புவதுகூடக் கஷ்டந்தான்.

ஆனால் அன்றிரவு என்னைத் தூங்கவிடாமல் செய்தது பதவித் துறவு அன்று. அதே 1920-ஆம் வருஷம் செப்டம்பரில், ஆயிரம் விளக்கு நகரசபைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மத்தியான உணவு அளிப்பதென்று நகரசபை தீர்மானித்தது. தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படக் கூடாதென்பது ஏற்பாடு. அங்கே படிப்பவர்கள் பரம ஏழைகள், அதனால் பள்ளியில் பிள்ளைகள் தொகை குறைகிறது என்று தலைவரே எடுத்துச் சொன்னார். பசித்த பிள்ளைக்கு அரிச்சுவடி ஏறாதென்று கணக்குப் புத்தகம் பார்த்துப் பழகிய ஒரு வியாபாரிக்குத் தெரிந்திருந்தது! பின்னர் வேறு சில பள்ளிகளுக்கும் ஏற்பாடு பரவிற்று. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவிடலாகாதென்று சர்க்கார் ஆட்சேபித்ததால் 1925-இல் அது நின்றுபோயிற்று. அவ்வருஷம் ஏப்ரலில் செட்டியாரும் காலமானார்.

என் தகப்பனார் படித்தது அந்த ஆயிரம் விளக்குப் பள்ளியிலேதான். "மத்தியானம் பள்ளிக்கூடத்திலேயே சோறு போட்டார்கள்" என்று இரண்டொரு தடவை சொல்லியிருக்கிறார். போட்டது யாரென்று சொன்னதில்லை. ஒருவேளை அவருக்கே தெரியாதோ, என்னவோ. பதின்மூன்றாம் வயதில், அதே 1925-இல், படிப்பை நிறுத்தி அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கப் போய்விட்டார். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டால், "பசி" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

மறுநாள் காலையில் பேத்தியைக் கூப்பிட்டு, "உன் கொள்ளுத்தாத்தாவுக்குச் சோறு போட்டவர் அம்மா, அந்தத் தியாகராயர்" என்றேன்.

"தொட்டுக்கொள்ள என்ன?" என்றாள் அவள்.

அதை நான் அப்பாவிடம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.