தண்ணிக்குள்ளேயே மூச்சு முட்டிய மீன் (த்ரெட்)

1. மக்களே, மீன் தண்ணில மூழ்கிச் சாகுமா? "என்ன டாக்டர், காமெடி பண்றீங்களா"ன்னு கேட்காதீங்க. எங்க வீட்டுத் தொட்டியில ஒரு மீனை நானே அப்படிக் கொல்லப் பார்த்தேன். சேற்று விலாங்கு வளர்க்க ஆசைப்படுறவங்க முழுசாப் படிங்க.

2. கொளத்தூர்ல வாங்கினது. பேர் கூச்சியா. வங்காளம், அசாம் பக்கத்துச் சேற்றுல வாழ்றது. ஒன்றரை அடி நீளம், பார்க்க அசல் பாம்பு. நம்ம ஆரல் இல்லை. ஆரலுக்கு முதுகுல முள் வரிசை உண்டு, இதுக்குக் கிடையாது. "எல்லா மீனோடவும் விடலாம் சார்"னார் கடைக்காரர். நம்பினேன்.

3. தொட்டியில ஏற்கெனவே என் மகளோட 12 நியான் டெட்ரா. மூணாம் நாள் 9. வாரக் கடைசியில 4. செத்து மிதந்தது ஒண்ணுகூட இல்லை. பகல் முழுக்க மணலுக்குள்ள கிடந்தவர், ராத்திரி வேட்டைக்குக் கிளம்பியிருக்கார்.

4. அடுத்த வாரம் நைட் டியூட்டி முடிஞ்சு வந்தா தொட்டியில ஆளைக் காணோம். வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி, ஈரத் தரையில, உயிரோட! ஃபில்டர் குழாய்க்கு விட்டிருந்த சந்து வழியா வெளிய வந்திருக்கு.

5. பயத்துல மூடியைச் சுத்தி டேப் ஒட்டினேன். மீன்தானேன்னு தண்ணியை விளிம்பு வரை நிரப்பினேன். ராத்திரி அது மூடியை முட்டிக்கிட்டே இருந்துச்சு. "மறுபடி தப்பிக்கப் பார்க்குது"ன்னு விளக்கை அணைச்சுட்டுப் படுத்துட்டேன்.

6. காலையில துவண்டு கிடந்துச்சு. டேப்பைப் பிய்ச்சு, அரை வாளி தண்ணியை வெளிய எடுத்து, தலையை மேல தூக்கிப் பிடிச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சு வாயைத் திறந்து காற்றை விழுங்குச்சு. தொண்டை உப்புச்சு. அப்பதான் எனக்கும் மூச்சு வந்துச்சு.

7. கூச்சியாவுக்குச் செவுள் மட்டும் போதாது. தொண்டைக்குப் பக்கத்துல நுரையீரல் மாதிரி ரெண்டு காற்றுப் பை இருக்கு. மேல வந்து காற்றை எடுத்தே ஆகணும். ஏர் பம்ப் அதுக்கு ஈடாகாது. மூச்சுத் திணறலோட வர்றவங்களுக்கு தினமும் சாச்சுரேஷன் பார்க்கிறவன் நான். கண்ணு முன்னாடி திணறினதை அடம்னு நினைச்சுட்டேன். அந்த வெட்கம் இன்னும் போகலை.

8. அதனால: தண்ணி மட்டத்துக்கும் மூடிக்கும் நடுவுல அரை அடி இடைவெளி. மூடி இறுக்கமா, ஆனா காற்று போற வலையோட. குழாய் போற சந்தையெல்லாம் அடைச்சிடுங்க. நாலடித் தொட்டி, மெல்லிய மணல், ஒளிய ஒரு பிவிசி குழாய்.

9. துணை மீனுக்கு முதல் விதி: அதோட வாய்க்குள்ள நுழையுற எதுவும் சாப்பாடுதான். நியான், கப்பி, இறால் வேண்டாம். தரையிலேயே கிடக்கிற சின்னக் கெளுத்தியும் வேண்டாம். முரட்டு சிக்லிட் போட்டா கடி வாங்குறது விலாங்கு. நான் விட்டிருக்கிறது வளர்ந்த சில்வர் டாலர் அஞ்சு. தட்டு மாதிரி உடம்பு, நடுத்தண்ணியில கூட்டமா சுத்தும். விலாங்கைப் பசியோட மட்டும் விடாதீங்க. விளக்கு அணைச்சதும் இடுக்கியில மண்புழு, இறால் துண்டு.

10. சலிச்சுப்போனா ஏரியில விட்டுடலாம்னு நினைக்காதீங்க. இதோட உறவு ஆசியச் சேற்று விலாங்கு. அதை 1990கள்ல ஃப்ளோரிடா நீர்நிலைகள்ல கண்டுபிடிச்சாங்க, இன்னைக்கும் ஒழிக்க முடியலை. கடைசி வரை வச்சுக்க முடியும்னா மட்டும் வாங்குங்க.

11. மகள் அந்த நியான் கணக்கை மறக்கலை. தினமும் எழுந்ததும் தொட்டிக்கு முன்னாடி நின்னு எண்ணுறா. இன்னைக்குக் காலையிலயும் அஞ்சு.