லியோனின் மூன்றாவது நதி

லியோன் நகரத்தில் ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. அந்த ஊருக்கு ரோன், ஸோன் என்று இரண்டு நதிகள்; மூன்றாவது நதி போஜொலே ஒயினாம்!

நகருக்கு வடக்கே மலைச் சரிவெல்லாம் காமே என்னும் திராட்சைக் கொடிதான். 1395-இல் பர்கண்டி டியூக் பிலிப் இந்தக் கொடியைப் பிடுங்கி எறிய உத்தரவு போட்டார். அங்கே விரட்டப்பட்டது இங்கே கருங்கல் மண்ணில் செழித்துவிட்டது.

ஃப்ளூரி கிராமத்துச் சாப்பாட்டுக் கடையில் இருவருக்குள் பலத்த வாதம்.

"நவம்பர் மாதம் மூன்றாவது வியாழக்கிழமை வருகிறதே, அந்தப் புது ஒயினுக்கு ஈடு உண்டா? பழ வாசனை அப்படியே இருக்கிறது!" என்றார் நகரத்துக்காரர்.

"திருவிழாவுக்குச் சரிதான், ஐயா. ஆனால் போஜொலே என்றாலே இவ்வளவுதான் என்று உலகம் முடிவுகட்டிவிட்டதே! பிறகு என் பேரன் எதை நம்பிக் கொடி வளர்ப்பான்?" என்றார் தோட்டக்காரக் கிழவர்.

இரண்டுக்கும் திராட்சை ஒன்றுதான். குலைகளைக் கசக்காமல் தொட்டியில் போட்டு மூடுகிறார்கள். கரியமில வாயு சூழ, பழம் தனக்குள்ளேயே புளிக்க ஆரம்பிக்கிறது. புது ஒயினுக்குச் சில நாள் போதும். ஃப்ளூரி, மோர்கோன் முதலிய பெயர்பெற்ற 10 இடங்களின் ஒயினுக்கோ பொறுமை வேண்டும். அதைப் புது ஒயினாக விற்கச் சட்டமே இடங்கொடுப்பதில்லை.

கிழவர் பேச்சை நிறுத்தி, பழைய மோர்கோன் புட்டி ஒன்றைத் திறந்து ஊற்றினார். நகரத்துக்காரர் ஒரு வாய் பருகினார். வெகு நேரம் பேச்சில்லை.

"நவம்பரில் வருவீர்களல்லவா?" என்றார் கிழவர்.

"வருகிறேன். இதில் இரண்டு புட்டி எடுத்து வையுங்கள்!"